மண்ணும் மனையும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)

 

ஆண்டு விழா மேடையில் பாட்டுக்கும் நாடகத்திற்கும் பட்டிமன்றத்திற்கும் இடம் உண்டு. செங்கல்லுக்கும் சிமெண்டுக்கும் இடம் தந்ததாக நான் அறிந்ததில்லை. ஆயினும் சென்ற மாதம் நம் செயலாளர் அவர்கள் என் இல்லத்திற்கு வந்து, "ஐயா, நூலகத்திற்குத் தனிக் கட்டடம் எழுப்ப முடிவு செய்திருக்கிறோம். எதனால் கட்டுவது என்பதில் செயற்குழுவில் கருத்து வேறுபாடு. நீங்கள் முப்பத்தைந்து ஆண்டுக் காலம் கட்டடப் பொறியாளராக இருந்தவர். எல்லார் முன்னிலையிலும் உங்கள் கருத்தைச் சொல்லிவிட வேண்டும்" என்று கேட்டுக்கொண்டார். அந்த அன்புக் கட்டளையை மறுக்க இயலாமல் இங்கு வந்து நிற்கிறேன்.

கருத்து வேறுபாடு இதுதான். இளைஞர்கள் சிலர், மண்ணை அழுத்திச் செய்த கற்களால் கட்டலாம் என்கிறார்கள். பெரியவர்கள் சிலர், "ஊரில் மண் சுவரை விட்டு ஓடி வந்தவர்கள் நாம். இந்தப் பெங்களூரில் வந்து பிள்ளை குட்டிகளைப் படிக்க வைத்து ஆளாக்கிய பிறகு, சங்கத்திற்கு மீண்டும் மண் சுவரா? பார்ப்பவர்கள் நகைக்க மாட்டார்களா?" என்கிறார்கள். இந்த இரண்டாவது கருத்தைப் பழமை என்று ஒதுக்கிவிட நான் ஒப்பமாட்டேன். அதில் ஓர் அச்சம் இருக்கிறது. அந்த அச்சம் நியாயமானது. அதை நானும் அறிந்தவன்.

சரிந்த சுவர்

என் தந்தையார் குடியாத்தம் பக்கத்துக் கொத்தனார். இந்நகரில் தொழிற்சாலைகளும் குடியிருப்புகளும் எழுந்த காலத்தில் கரணையும் தூக்குக்குண்டும் எடுத்துக்கொண்டு வேலை தேடி வந்தவர். வட ஆர்க்காட்டிலிருந்தும் தருமபுரி, சேலம் பகுதிகளிலிருந்தும் அவ்வாறு வந்த கொத்தனார்களும் சித்தாட்களும் பலர். இவ்வூரில் நாம் காணும் சுவர்களில் அவர்கள் கைபட்டவை ஏராளம். ஊருக்கெல்லாம் செங்கல் சுவர் எழுப்பிய என் தந்தையாரின் சொந்த வீடு, ஊரில் ஒன்றரை அடி கனத்து மண் சுவரும் பனையோலைக் கூரையுமாகவே இருந்தது.

நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது, ஓர் ஐப்பசி மாதம் நான்கு நாள் விடாது மழை பெய்தது. நான்காம் நாள் இரவு எங்கள் வீட்டு மேலைச் சுவர் சரிந்தது. சுவரோரம் படுத்திருந்த என் தங்கையை, ஏதோ ஓசை கேட்டு விழித்த தாயார் இழுத்துப் போட்டதால் அவள் பிழைத்தாள். அன்றே என் மனத்தில் மண் என்றால் மரணம் என்று பதிந்துவிட்டது.

பொறியியல் பட்டம் பெற்று வேலையில் அமர்ந்ததும் நான் செய்த முதற்காரியம், 1974-ஆம் ஆண்டு கோடையில் அந்த வீட்டை இடித்துத் தள்ளிச் செங்கல் சுவரும் கான்கிரீட் தளமும் கொண்ட வீடு கட்டியதே. தந்தையார் தடுக்கவில்லை. இடிந்த மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்து ஒன்று மட்டும் சொன்னார்: "மண்ணு என்னடா பண்ணும்? கால்ல தண்ணி நின்னா எந்தச் சுவருதான் நிக்கும்?" பட்டம் பெற்ற செருக்கில் அச்சொல்லை நான் செவியில் வாங்கவில்லை.

புது வீட்டில் என் தாயார் கோடை இரவுகளில் உறங்கியதில்லை. பகல் முழுதும் வெயிலை உண்ட தளம், இரவெல்லாம் வெப்பத்தை உமிழும். அவர் பாயை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டு மண் திண்ணைக்குப் போய்ப் படுப்பார். கேட்டால், "காற்று வருகிறது" என்பார். மகன் கட்டிய வீட்டைக் குறை சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. முப்பது ஆண்டு நிறைவதற்குள் தளத்தின் கம்பிகள் துருவேறிப் பருத்து, அடிப்பூச்சு உதிரத் தொடங்கியது. நான் இட்ட கான்கிரீட்டில் கம்பிக்குப் போதிய மறைப்பு இல்லை. போதிய நாள் நனைத்து வைக்கவும் இல்லை. பிழை கான்கிரீட்டினுடையது அன்று, என்னுடையது.

நிற்க. நான் அந்த வீட்டை இடித்த அதே 1974-ஆம் ஆண்டில், இந்தப் பெங்களூரில், நம் ஊரார் டாட்டா இன்ஸ்டிடியூட் என்று வழங்கும் இந்திய அறிவியல் கழகத்தில், மண்ணைப் பற்றி வேறுவிதமாகச் சிந்திக்கத் தொடங்கியிருந்தார்கள்.

மண்ணை ஆராய்ந்த மேதைகள்

மின்வேதியியல் அறிஞர் அமுல்ய ரெட்டி அவர்களின் முயற்சியால் அவ்வாண்டு அக்கழகத்தில் 'அஸ்த்ரா' என்னும் பிரிவு தோன்றியது. கிராமங்களுக்குப் பயன்படும் வகையில் விஞ்ஞானத்தைத் திருப்புவதே அதன் நோக்கம். உயர்ந்த கல்விக்கூடத்தில் அடுப்பையும் சாண எரிவாயுவையும் சுவரையும் ஆராய்வது இழுக்கு அன்று என்று அவர்கள் துணிந்தார்கள். தும்கூரு மாவட்டத்து உங்கரா என்னும் சிற்றூரில் களப்பணி நிலையமும் அமைத்தார்கள். கட்டடப் பொறியியல் பேராசிரியர் கே. எஸ். ஜகதீஷ் அவர்களும், அவருக்குப் பின் பி. வி. வெங்கடராம ரெட்டி அவர்களும் உடனிருந்தோரும் மண் சுவரைப் பற்றி எழுப்பிய வினா மிக எளிது. மண் சுவர் ஏன் கரைகிறது? கரையாமல் இருக்க அதற்கு என்ன வேண்டும்?

விடையை என்னால் இயன்றவரை எளிதாகச் சொல்கிறேன். மண் என்பது ஒரே பொருள் அன்று. அதில் மணல் உண்டு, வண்டல் உண்டு, களி உண்டு. மணல் நீரில் கரையாது, ஊதாது, சுருங்காது. ஆனால் தானே ஒட்டிக்கொள்ளாது. களி ஒட்டிக்கொள்ளும். ஆனால் நீர் பட்டால் ஊதி இளகும். காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். பழைய மண் சுவரில் மணலைப் பிடித்து வைத்திருந்தது இந்தக் களி ஒன்றே. நான்கு நாள் மழைநீர் சுவரின் அடியில் தேங்கியபோது களி தன் பிடியை விட்டது. சுவர் இருந்தது, அதன் கால் போய்விட்டது. என் தந்தையார் சொன்னதும் இதுவேயன்றோ!

ஆகவே அறிஞர்கள் மூன்று காரியம் செய்தார்கள். முதலாவது, களியைக் குறைத்து மணலை மிகுத்தார்கள். நூற்றுக்கு 65 பங்குக்குக் குறையாமல் மணலும், 10 முதல் 15 பங்கு களியும் இருப்பது நன்று. நம் பெங்களூர்ச் செம்மண்ணில் பெரும்பாலும் களி மிகுதி. ஆகலின் மணலோ கல்லுடைக்கும் தூளோ சேர்க்க வேண்டும். இரண்டாவது, எடையில் நூற்றுக்கு 6 முதல் 8 பங்கு சிமெண்டு கலந்தார்கள். அது மணல் துகள்களைப் பிணைத்து, நீருக்கு இளகாத பிடியைத் தருகிறது. மூன்றாவது, ஈரப்பதத்துடன் அக்கலவையை இரும்பு அச்சில் இட்டு நெம்புகோலால் அழுத்தினார்கள். அழுத்த அழுத்த இடையிலுள்ள வெற்றிடம் குறைகிறது, கல் இறுகுகிறது.

கையால் அழுத்தும் இத்தகைய பொறி தென்னமெரிக்கக் கொலம்பியா நாட்டில் 1950-களில் ராவுல் ராமிரேஸ் என்னும் பொறியாளரால் உருவாயிற்று. 'சின்வா-ராம்' என்று உலகெங்கும் பெயர் பெற்றது. நம் அறிஞர்கள் தாமே ஒரு பொறியை வடிவமைத்து அதற்கு 'அஸ்த்ராம்' என்று பெயரிட்டார்கள். இக்கல்லைச் சூளையில் இடுவதில்லை. அடுக்கி, சாக்குப் போர்த்தி, மூன்று நான்கு வாரம் நனைத்து வைத்தால் போதும். நன்கு செய்த கல், முழுதும் நீரில் ஊறிய நிலையிலும் சதுர செண்டிமீட்டருக்கு 30 கிலோவுக்குக் குறையாத சுமை தாங்கும். இரண்டு மாடி வீட்டின் கீழ்ச்சுவரில் ஏறும் சுமை அதே அளவுக்கு 2, 3 கிலோவே. கல்லின் வலிமை முழுதும் சுவருக்குக் கிட்டாது. ஒரு பகுதியே கிட்டும். அப்படியிருந்தும் மிச்சம் உண்டு.

இவ்வகைக் கற்களுக்கு ஐ.எஸ். 1725 என்னும் இந்தியத் தரவிதி உண்டு; 2013-ஆம் ஆண்டில் அது திருத்தி வெளியிடப்பட்டது. கருநாடகத்தில் ஆயிரக்கணக்கான கட்டடங்கள் இக்கற்களால் எழுந்து நிற்கின்றன. நம் தமிழ்நாட்டில் விழுப்புரம் மாவட்டத்து ஆரோவில்லில் 1989 முதல் 1992 வரை கட்டப்பெற்ற வருகையாளர் மையம் இதற்குத் தக்க சான்று. ஆதலின் பார்ப்பவர் நகைப்பர் என்னும் கவலை வேண்டா. உலகின் பல பாகங்களிலிருந்து அதைப் பார்க்கவே வருகிறார்கள்.

சூளையின் பசி

"செங்கல் நன்றாகத்தானே இருக்கிறது? அதை விட்டு இது எதற்கு?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி.

செங்கல்லை வன்மையாக்குவது நெருப்பு. அந்த நெருப்புக்கு விறகோ நிலக்கரியோ வேண்டும். கல்லறுக்க வயலின் மேல்மண் வேண்டும். ஏரியின் வண்டல் வேண்டும். இந்நகரைச் சுற்றியிருந்த ஏரிகளின் மண் எத்தனை வீடுகளாக நிற்கிறது என்பதைப் பழைய பெங்களூர்க்காரர்கள் அறிவார்கள்.

இந்நெருப்பை வெங்கடராம ரெட்டி, ஜகதீஷ் ஆகிய இருவரும் கணக்கிட்டு 2003-ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். ஒரு கன மீட்டர் செங்கல் சுவருக்குச் செலவாகும் ஆற்றல் சுமார் 2,140 மெகாஜூல். அழுத்திய மண் கல் சுவருக்கோ, சிமெண்டின் அளவைப் பொறுத்து, சுமார் 650 முதல் 810 மெகாஜூல் வரையே ஆகிறது. நம் நூலகத்திற்கு ஏறத்தாழ 30 கன மீட்டர் சுவர் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மிச்சமாகும் ஆற்றல் 40,000 மெகாஜூல். ஒரு கிலோ நிலக்கரி 20 மெகாஜூல் தரும் என்று கொண்டால், இரண்டு டன் நிலக்கரி! ஒரு சிறிய நூலகத்தின் சுவரில் மட்டும் இவ்வளவு புகையை நாம் தவிர்க்கலாம்.

முழுக் கட்டடத்தையும் அவர்கள் ஒப்பிட்டார்கள். தூணும் உத்தரமுமாகக் கான்கிரீட்டால் எழுப்பும் பல மாடிக் கட்டடத்தில் ஒரு சதுர மீட்டர் தரைக்கு 4.2 கிகாஜூல், சுவரே சுமை தாங்கும் செங்கல் வீட்டிற்கு 2.9; மண் கல் சுவரும் சிக்கனமான தளமும் கொண்ட இரண்டு மாடி வீட்டிற்கு 1.6. சுவரே தாங்கக்கூடிய சிறு வீட்டிற்கும் தூணும் உத்தரமும் நிறுத்துவது, ஒரு படி அரிசி தூக்க ஒரு வண்டி கட்டுவது போன்றது.

இன்னொன்றும் உண்டு. சூளைக் கல்லில் பணத்தின் ஒரு பகுதி எரிந்து போகிறது. மண் கல்லில் அப்பணம் அக்கல்லை அழுத்தும் கைகளுக்குப் போகிறது. கொத்தனார் மகனாகிய எனக்கு இது சிறிய செய்தியாகத் தோன்றவில்லை.

சிமெண்டின் கதை

மண் கல்லிலும் சிமெண்டு உண்டு, தளத்திலும் உண்டு. ஆகவே சிமெண்டைப் பற்றியும் சில சொல்ல வேண்டும். 1824-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் என்னும் கொத்தர் உரிமை பெற்ற பொருள் இது. சுண்ணாம்புக்கல்லையும் களியையும் சுமார் 1,450 பாகை வெப்பத்தில் சுட்டு எடுக்கிறார்கள். எரிபொருளின் புகை ஒருபுறமிருக்க, 100 கிலோ சுண்ணாம்புக்கல் சுடும்போது அக்கல்லிலிருந்தே 44 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. உலகில் மனிதர் வெளிவிடும் கரியமில வாயுவில் நூற்றுக்கு 7, 8 பங்கு சிமெண்டினால் வருவது. சிமெண்டு உற்பத்தியில் நம் நாடு உலகில் இரண்டாம் இடத்தில் இருக்கிறது.

இதற்கு மாற்று என்ன? நமக்கு நீர் தரும் காவிரியையே பாருங்கள். 1911-ஆம் ஆண்டில் தொடங்கிக் கட்டப்பெற்ற கிருஷ்ணராஜ சாகர் அணையின் கற்களைப் பிணைத்திருப்பது சுர்க்கிக் கலவை. சுட்ட களியின் தூளைச் சுண்ணாம்புடன் சேர்த்து அரைப்பதே சுர்க்கி. என் தந்தையாரின் தலைமுறைக் கொத்தனார்கள் அதைக் கைப்பழக்கத்தால் அறிவார்கள். தக்க அளவில் சுட்ட களி, சுண்ணாம்புடன் நீர் சேரும்போது வினை புரிந்து கல்லாகிறது. விரைவாக இறுகும் சிமெண்டு வந்ததும் சுர்க்கி மறைந்தது. காத்திருக்க நமக்குப் பொழுதில்லை.

இன்று விஞ்ஞானம் அந்தச் சுட்ட களியிடம் திரும்பியிருக்கிறது. சுவிட்சர்லாந்து, கியூபா நாடுகளின் அறிஞர்களும், நம் சென்னை, டெல்லி, மும்பை ஐ.ஐ.டி.களைச் சார்ந்தோரும் ஆராய்ந்து கண்ட 'எல்.சி.-3' என்னும் சிமெண்டில் பழைய சிமெண்டின் மூலப்பொருள் பாதியே. மீதியில் 30 பங்கு சுட்ட களி, 15 பங்கு சுடாத சுண்ணாம்புக்கல் தூள், 5 பங்கு ஜிப்சம். களியைச் சுட ஏறத்தாழ 800 பாகை போதும். கரியமில வாயு மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைகிறது. 2023-ஆம் ஆண்டில் இதற்கு இந்தியத் தரவிதியும் வந்துவிட்டது.

அது நம் கடைத்தெருவில் எளிதாகக் கிட்டும் வரை காத்திருக்க வேண்டுவதில்லை. அனல் மின் நிலையச் சாம்பல் 15 முதல் 35 பங்கு வரை கலந்த பி.பி.சி. சிமெண்டு எல்லாக் கடையிலும் உண்டு. மேட்டூரிலும் ராய்ச்சூரிலும் மலைபோல் குவியும் சாம்பல் அவ்வாறு பயனாகிறது. வீட்டு வேலைக்கு அது முற்றிலும் தகும். சற்று மெல்ல இறுகும். ஆகவே கூடுதலாகச் சில நாள் நனைத்து வைக்க வேண்டும். அவசரப்பட்டுப் பலகையைப் பிரிக்கக் கூடாது.

நனைப்பது என்றதும் நீரின் நினைவு வருகிறது. 2024-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் இந்நகரில் குடிநீருக்கு நேர்ந்த முடையை நம் தாய்மார்கள் மறந்திருக்க மாட்டார்கள். கட்டட வேலைக்குக் குடிநீரைப் பயன்படுத்தினால் 5,000 ரூபாய் தண்டம் என்று நகர நீர் வாரியம் அறிவித்தது. சுவரின் மேல் குழாய் நீரைப் பீய்ச்சிவிட்டுப் போவது வீண். ஈரச் சாக்குப் போர்த்தினால் சிறிது நீரும் நெடுநேரம் நிற்கும். அதற்குக் காவிரி நீர் வேண்டா, மழைநீர் போதும்.

தலைக்கு மேல்

சுவரைச் சொன்னேன், தளத்தைச் சொல்ல வேண்டும். என் தாயாரை உறங்கவிடாதது தளமேயன்றோ!

முற்காலத்தில் தேக்குக் கட்டைகளின் மேல் சிறு செங்கல்லைக் குத்துக்கல்லாக வைத்துச் சுண்ணாம்பில் பிணைத்து, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் தெளித்துச் சித்தாட்கள் வரிசையாக அமர்ந்து கட்டையால் அடித்து இறுக்குவார்கள். மெட்ராஸ் டெரஸ் என்று பெயர் பெற்ற தளம் அது. குளிர்ச்சிக்கு அதற்கு நிகர் இல்லை. ஆனால் இன்று அத்தனை தேக்குக்கு நாம் எங்கே போவது?

லாரி பேக்கர் என்னும் ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் 1945-ஆம் ஆண்டில் இந்தியாவுக்கு வந்து, கேரளத்தையே தம் வீடாக்கிக்கொண்டு 2007-ஆம் ஆண்டில் மறைந்தார். அவர் பரப்பிய முறை எளியது. தளத்தின் மேற்பாதி அழுத்தத்தைத் தாங்குகிறது. கீழ்ப்பாதியின் இழுவையைக் கம்பி தாங்குகிறது. கம்பிகளுக்கு இடையே கீழ்ப்பாதியில் கிடக்கும் கான்கிரீட் பெரும்பாலும் வெறும் சுமையே. அவ்விடத்தில் பழைய மங்களூர் ஓடுகளை இரண்டிரண்டாகக் கவிழ்த்து வைத்துவிட்டால் கான்கிரீட் மிச்சம். கம்பியும் ஓரளவு மிச்சம். ஓடுகளின் இடையே நிற்கும் காற்று வெப்பத்தையும் மட்டுப்படுத்தும். இடித்த வீடுகளின் ஓடுகள் இந்நகரில் மலிவாகக் கிடைக்கின்றன.

எச்சரிக்கை

இவ்வளவும் கேட்டபின், மண் என்றாலே நன்மை என்று இளைஞர்கள் எண்ணிவிடக் கூடாது. அதற்கும் என் பிழையே பாடம்.

இக்கல்லைப் பற்றிப் படித்த ஆர்வத்தில், பணி ஓய்வுக்குப் பின் நண்பர் ஒருவரின் தோட்டத்தில் ஒரு கொட்டகை கட்டினேன். மண்ணைச் சோதிக்கவில்லை. கைக்குச் செம்மண்ணாகத் தெரிந்தது. அதுவே போதும் என்று எண்ணினேன். களி மிகுந்த மண் அது. தரைக்கு மேல் அரை அடிகூட உயர்த்தாமல் சுவரைத் தொடங்கினேன். கூரையின் இறவாணத்தையும் குறுக்கிவிட்டேன். இரண்டாம் மழைக்காலத்தில் கூரையிலிருந்து விழுந்த நீர் தெறித்துத் தெறித்து, அடி வரிசைக் கற்களின் முகம் பொரிந்து உதிர்ந்தது. சுவர் விழவில்லை. ஆயினும் குனிந்து அக்கற்களைத் தடவியபோது, 1974-ஆம் ஆண்டில் நான் செவியில் வாங்காத சொல் ஐம்பது ஆண்டு கழித்து என் காதில் விழுந்தது.

ஆதலின் சோதனை இன்றியமையாதது. அது கடினமும் அன்று. ஒரு கண்ணாடிப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு மண்ணும் மீதி நீரும் ஒரு சிட்டிகை உப்பும் இட்டுக் குலுக்கி வையுங்கள். மணல் உடனே அடியில் படியும். வண்டல் அதன் மேல் நிற்கும். களி பல மணி நேரம் கழித்து மேலே தங்கும். மறுநாள் அளவுகோல் வைத்துப் பார்த்தால் மண்ணின் குணம் ஓரளவு விளங்கிவிடும். நம் காலனிச் சிறுவர்களே செய்யலாம். பின்னர்ச் சில மாதிரிக் கற்கள் செய்து, நனைத்துப் பதப்படுத்தி, ஆய்வுக்கூடத்தில் ஈர நிலையில் அழுத்திப் பார்க்க வேண்டும். கரிசல் மண் இதற்கு உதவாது. அதற்குச் சுண்ணாம்பு சேர்க்கும் வேறு முறை வேண்டும். தொலைவிலிருந்து லாரியில் மண் கொணர்ந்து கல் செய்தால் மிச்சமான எரிபொருள் லாரியில் போய்விடும். பத்து மாடிக் கட்டடத்தின் சுமைக்கும் இக்கல் ஏற்றதன்று.

நம் நூலகம்

இனி, என்னைக் கேட்ட கேள்விக்கு விடை. ஓர் அடுக்கு நூலகத்திற்கு மண் கல் தகும் என்பதே என் கருத்து. ஆனால் சில நிபந்தனைகளுடன்.

கடைக்கால் நம்மூர்க் கருங்கல்லால் ஆகட்டும். தரைக்கு மேல் குறைந்தது ஒன்றரை அடி கருங்கல் எழும்பட்டும்; அதன்மேல் ஈரம் ஏறாத தடுப்புப் பட்டை இட்ட பிறகே மண் கல் தொடங்கட்டும். சுவரை ஒட்டி நீர் தேங்காத சரிவு வேண்டும். இதைச் செய்துவிட்டால் என் தங்கை படுத்திருந்த அந்தச் சுவருக்கு நேர்ந்தது இதற்கு நேராது.

கதவு, சன்னல்களின் தலைமட்டத்தில் நாற்புறமும் சுற்றிவரும் ஒரு கான்கிரீட் பட்டை கட்டடத்தைப் பிணைக்கட்டும். தளம் ஓடு பதித்த தளமாகட்டும்; சுவருக்கு வெளியே இரண்டடி நீளட்டும். குளியலறை, கழிப்பறைச் சுவர்கள் செங்கல்லாகவே இருக்கட்டும். நூலகம் ஆதலின் கறையானைப் பற்றித் தனிக்கவனம் தேவை. கடைக்காலிலேயே தடுப்பு மருந்து இடுவதுடன், புத்தக அலமாரிகளைச் சுவரோடு ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி வைக்க வேண்டும்.

மண் எங்கே கிடைக்கும் என்றால், மழைநீர்த் தொட்டிக்குத் தோண்டும் குழியிலேயே! இந்நகரின் கட்டடக் கலைஞர் சித்ரா விஸ்வநாத் அவர்களும் அவர்தம் குழுவினரும் பல வீடுகளில் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். குழியின் மண் சுவராகிறது. குழி மழைநீரை ஏந்துகிறது. மனையின் மண் மனையை விட்டு வெளியே போவதில்லை.

கல் அழுத்தும் வேலைக்குச் சிக்கந்தரிப் பள்ளி விடுமுறையில் நம் பிள்ளைகளும் ஒரு நாளாவது வரட்டும். பொறியின் நெம்புகோலை ஒரு முறை இழுத்துப் பார்த்த பிள்ளை, கட்டடம் தானே முளைப்பதில்லை என்பதை அறியும். தன் பாட்டன்மார் இவ்வூரில் செய்தது என்ன என்பதையும் அறியும்.

பெரியோர்களே! கெம்பே கவுடர் 1537-ஆம் ஆண்டில் இந்நகருக்கு எழுப்பிய முதற்கோட்டை மண் கோட்டையே. இரு நூற்றாண்டுக்குப் பின்னரே ஐதர் அலி காலத்தில் அது கற்கோட்டையாயிற்று. நமக்கு வாழ்வளித்த இக்கன்னட நாட்டின் மண்ணால் நம் தமிழ் நூல்களுக்கு ஒரு வீடு எழுவது நமக்குச் சிறுமை அன்று; நன்றிக்கடன் என்றே நான் கருதுகிறேன்.

என் சொல்லை மட்டும் நம்பி முடிவு செய்ய வேண்டா. வரும் ஞாயிறு காலை, மனையில் மூன்றடி ஆழம் தோண்டி மண் எடுக்கப் போகிறோம். ஐயம் உள்ளவர்கள் அவசியம் வர வேண்டும். அவர்களே புட்டியில் மண்ணை இட்டுக் குலுக்கட்டும். முதலில் செய்யும் மாதிரிக் கற்களில் மூன்றை ஒரு நாள் முழுதும் நீரில் ஊற வைத்து, சங்கத்தின் வாயிலில் வைப்போம். கரைந்தால் செங்கல்லாலேயே கட்டுவோம். முதல் கையெழுத்து என்னுடையதாக இருக்கும். கரையாவிட்டால், பெரியவர்கள் தம் அச்சத்தை விட்டு ஆசி வழங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.